சர்வீஸ் விட்டு எடுத்த பைக்கில் புதுச் சத்தமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திண்டுக்கல் பக்கம் சின்னதாக ஒரு டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு மூன்று பேராவது ஒரே கேள்வியோடு வருவார்கள்: "அண்ணே, சர்வீஸுக்கு விடும்போது வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. எடுத்துட்டு வந்ததுல இருந்து ஒரு மாதிரி சத்தம் வருது." வேறு இடத்தில் சர்வீஸ் ஆன வண்டியும் வரும், என் கையால் செய்த வண்டியும் திரும்பி வரும். மறுநாள் காலை அந்த வண்டியில்தான் வேலைக்குப் போகவேண்டும், பிள்ளையைப் பள்ளியில் விடவேண்டும் என்னும்போது அந்தச் சத்தம் எவ்வளவு பயமுறுத்தும் என்று எனக்குத் தெரியும். அப்படி வந்தவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதியிருக்கிறேன். 100 முதல் 160 சிசி வரையுள்ள, காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர் வண்டிகளைத்தான் மனதில் வைத்திருக்கிறேன். புல்லட்டுக்குத் தனியாக ஒரு பதில் உண்டு.

முன்பு இல்லாத சத்தம் கேட்கிறது. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

சர்வீஸில் எங்கெல்லாம் கை பட்டதோ அங்கிருந்து. நேற்றுவரை நன்றாக ஓடிய எஞ்சினில், சர்வீஸ் நடந்த அந்த மூன்று மணி நேரத்துக்குள் கனெக்டிங் ராடு பேரிங் போய்விட்டது என்பது அபூர்வம். ஒரு நட் இறுகாமல் போவது, ஒரு வாஷர் விட்டுப்போவது, ஆயில் கூடிப்போவது, செயின் அளவுக்கு மேல் இறுகிவிடுவது எல்லாம் தினமும் நடக்கிறது. ஆனாலும் வருகிறவர்களில் பாதிப் பேர் "போர் போச்சா அண்ணே?" என்று, அதாவது சிலிண்டரே தேய்ந்துவிட்டதா என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

முதலில் பில்லை அல்லது ஜாப் கார்டை எடுங்கள். வழக்கமான சர்வீஸில் தொடும் இடங்கள் ஆயில், பிளக், ஏர் ஃபில்டர், டாப்பெட் (வால்வுக்கு மேலே விடும் இடைவெளி), செயின், கிளட்ச் கேபிள், பிரேக், ஐடிலிங் (ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் எஞ்சின் ஓடும் வேகம்) ஸ்க்ரூ. பில்லில் 'ஜெனரல் சர்வீஸ்' என்று ஒரே வரி இருந்தால் சர்வீஸ் செய்தவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். டாப்பெட் திறந்தீர்களா? சைலன்ஸரைக் கழற்றினீர்களா? செயின் இறுக்கினீர்களா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் தேடவேண்டிய இடம் மிகவும் சுருங்கிவிடும்.

அடுத்து, எஞ்சின் ஆறியிருக்கும்போது வண்டியைச் சுற்றி ஒரு நடை வாருங்கள். சைலன்ஸர் மேல் இருக்கும் தகடு, செயின் கவர், சைடு பேனல், கிராஷ் கார்டு, நம்பர் பிளேட், எஞ்சினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் என்று ஒவ்வொன்றையும் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, சத்தம் வரும் வேகத்தில் ஆக்ஸிலேட்டரைப் பிடித்துக்கொண்டு, கனத்த துணியைச் சுற்றிய கையால் அதே இடங்களை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஓர் இடத்தை அழுத்தியதும் சத்தம் நின்றால் அது எஞ்சினுக்குள் இருந்து வரவில்லை. பத்து ரூபாய் ரப்பர் வாஷரோடு முடிந்துபோகும் வேலை.

வண்டியை ஓட்டிப் பார்க்கலாமா, அப்படியே நிறுத்திவிட வேண்டுமா?

கீழே, கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) இருக்கும் பக்கத்திலிருந்து கனமாக 'டொக் டொக்' என்று வந்து, ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடினால் உடனே அணைத்துவிடுங்கள். ஆயில் விளக்கு உள்ள வண்டியில் அது எரிந்துகொண்டே இருந்தாலும், எஞ்சின் அடியில் ஆயில் சொட்டினாலும், சத்தத்தோடு இழுவையும் குறைந்து வழக்கத்தைவிட அதிகமாக அனல் அடித்தாலும் அப்படியே. வீடு இரண்டு கிலோமீட்டர்தான் என்று ஓட்டாதீர்கள், தள்ளிக்கொண்டு போங்கள், இல்லை ஆட்டோவில் ஏற்றுங்கள். ஆயில் இல்லாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ள அந்த இரண்டு கிலோமீட்டரே போதும்.

மேலே ஹெட் (சிலிண்டரின் தலைப்பகுதி) பக்கத்தில் லேசான 'டிக் டிக்', தகடு அதிரும் சத்தம், செயின் உரசல் இவையெல்லாம் ஒருநாள் பொறுக்கும். ஆனால் ஆயில் அளவைப் பார்க்காமல் எந்தச் சத்தத்தோடும் கிளம்பாதீர்கள்.

ஆயில் மாற்றியதிலிருந்துதான் இப்படி. புது ஆயில் போட்டால் சத்தம் குறையத்தானே வேண்டும்?

ஆமாம், குறையவேண்டும். கூடினால் அளவில் தவறு, இல்லை ரகத்தில் தவறு.

அளவில் எப்படித் தவறு வருகிறது என்பதை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு வரும் வண்டிகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். கையேட்டில் ஆயில் அளவு இரண்டு எண்களாகப் போட்டிருக்கும். எஞ்சினை முழுவதும் பிரித்து மாட்டினால் ஊற்றவேண்டியது ஒன்று, டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி வடித்துவிட்டு ஊற்றவேண்டியது இன்னொன்று. வடித்தாலும் உள்ளே கொஞ்சம் தங்கிவிடும் என்பதால் இரண்டாவது எண் குறைவாகவே இருக்கும். இதைப் பார்க்காமல் டப்பாவில் இருப்பதை அப்படியே கவிழ்த்துவிடுகிறார்கள். கூடுதலாக நிற்கும் ஆயிலைக் கிராங்க் அடித்துக் கலக்கி நுரையாக்குகிறது. நுரைத்த ஆயிலில் காற்று இருப்பதால் அது தேவையான இடத்தில் படலமாக நிற்காது. எஞ்சின் சத்தம் மாறும், வண்டி பாரமாக இழுப்பதுபோல் இருக்கும், மூச்சுக்குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் போய் விழும். ஏர் ஃபில்டரைத் திறந்தால் எண்ணெய்ப் பிசுக்கு என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன்.

அளவு பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வண்டி சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிற்கவேண்டும். மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இன்னொரு மூன்று நிமிடம் பொறுத்துப் பார்க்கவேண்டும். ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் டிப் ஸ்டிக்கைத் துடைத்துவிட்டுத் துளையில் நிற்கவைத்து எடுக்கவேண்டும், திருகக் கூடாது. திருகிப் பார்த்தால் குச்சி இன்னும் கீழே இறங்கும், ஆயில் நிறைய இருப்பதுபோல் காட்டும். உள்ளே குறைவாக இருந்தும் 'ஃபுல்லா இருக்கு' என்று நம்பி ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரகம் என்றால், ஹீரோ, ஹோண்டாவின் சின்ன எஞ்சின்களுக்கு 10டபிள்யூ30, பழைய புல்லட்டுகளுக்கு வேறு, கையேட்டில் போட்டிருப்பதே கணக்கு. டப்பாவில் 'ஜாஸோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்ற குறி இருக்கவேண்டும். பைக்கில் கிளட்ச் பிளேட்டும் கியரும் எஞ்சினும் ஒரே ஆயிலில்தான் ஊறுகின்றன. காருக்கான ஆயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும். அது பைக்கின் கிளட்சை வழுக்கவைத்துவிடும். எம்பி குறி உள்ளது ஸ்கூட்டருக்கு.

ஃபில்டர் மாற்றும் வண்டியாக இருந்தால் இன்னொன்றும் பார்க்கவேண்டும். ஸ்பிளெண்டரில் காகித ஃபில்டரே கிடையாது, வலையும் சுழல் ஃபில்டரும்தான். காகித ஃபில்டர் உள்ள வண்டிகளில் அதைத் தலைகீழாக மாட்டினாலோ, ஓ ரிங் (ரப்பர் வளையம்) இடம் மாறி உட்கார்ந்தாலோ ஆயில் போகவேண்டிய வழியில் போகாது. அது எஞ்சினையே சாப்பிட்டுவிடும் தவறு. ஃபில்டர் மாற்றிய பிறகு மேலே ஹெட்டிலிருந்து வறண்ட சத்தம் வந்தால், அணைத்துவிட்டு அந்தக் கவரைத் திறந்து பார்க்கும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

யாரிடம் காட்டினாலும் 'டாப்பெட் சத்தம்' என்கிறார்கள். உண்மையா?

பாதி நேரம் உண்மை. மீதி நேரம் டாப்பெட் மாதிரியே பேசும் வேறொன்று.

வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து பால் ஊற்றும் ஒருவர் ஸ்பிளெண்டரில் வந்தார். சர்வீஸ் ஆகி இரண்டு வாரம். 'டக் டக் டக்' என்று ஒரே சீராக மேலிருந்து சத்தம். ஏற்கெனவே இரண்டு இடத்தில் டாப்பெட் வைத்திருக்கிறார்கள், அதாவது அந்த இடைவெளியைச் சரிசெய்திருக்கிறார்கள், சத்தம் போகவில்லை. கேன்களை இறக்கிவிட்டு வந்த வேகத்தில் எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. வண்டியை விட்டுவிட்டு மறுநாள் வாருங்கள் என்றேன்.

விடிந்ததும் ஆறிய எஞ்சினை ஒரே கிக்கில் எடுத்து, ஹெட்டிலிருந்து பென்ட் பைப் (புகை போகும் வளைந்த குழாய்) கிளம்பும் இடத்துக்கு அருகே உள்ளங்கையை நீட்டினேன். தொடவில்லை, நான்கு விரல் தள்ளித்தான். ஒவ்வொரு 'டக்'குக்கும் ஒரு சூடான காற்று உள்ளங்கையில் குத்தியது. அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், குழாயை ஹெட்டோடு பிடித்திருக்கும் ஃபிளாஞ்சின் இடது நட் இரண்டு சுற்று தளர்ந்திருந்தது. அதற்கு மேலே வெள்ளை அலுமினியத் தகட்டில், குழந்தைக்கு மை தீட்டும்போது விரல் வழுக்கியதுபோல் ஒரு கறுப்புக் கோடு. புகைக்கரி. சர்வீஸில் சைலன்ஸரைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள், நசுங்கிய பழைய பேக்கிங்கையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். புதுப் பேக்கிங் வைத்து, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கியதும் சத்தம் இல்லை.

இது ஏன் டாப்பெட் மாதிரி கேட்கிறது? நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் வால்வுகளைத் திறக்கும் கேம் ஒரு சுற்று சுற்றும். ஐடிலிங் நிமிடத்துக்கு 1400 சுற்று என்றால் கிராங்க் விநாடிக்கு 23 சுற்று, கேம் கிட்டத்தட்ட 12. எக்ஸாஸ்ட் வால்வு திறப்பதும் விநாடிக்கு அதே 12 முறை, புகை வெளியே குத்துவதும் அதே 12 முறை. தாளம் ஒன்றுதான், அதனால் காது ஏமாறும்.

பிரித்தறிய வழி இருக்கிறது. புகைக்கசிவு எஞ்சின் ஆறியிருக்கும்போது அதிகமாகக் கேட்கும், சூடேறி உலோகம் விரிந்ததும் அடங்கும். ஏற்றத்தில், பாரம் வைத்தால் கூடும். ஆக்ஸிலேட்டரை விடும்போது சைலன்ஸரில் 'பட் பட்' என்று வெடிக்கலாம். உறுதி செய்ய, ஆறிய எஞ்சினில் அந்த இணைப்பில் சோப்புத்தண்ணீர் தடவி, சாவி போடாமல் ஒருவரைக் கிக்கரை உதைக்கச் சொல்லுங்கள். நுரை கிளம்பினால் அங்கேதான் ஓட்டை. பிளக்கையும் இப்படியே பார்க்கலாம். இறுகாத பிளக் 'ஃப்ஸ் ஃப்ஸ்' என்று மூச்சுவிடும். புதுப் பிளக்கைக் கையால் உட்காரும்வரை திருகிவிட்டு, பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று கொடுத்தால் வாஷர் நசுங்கிப் பிடித்துக்கொள்ளும். பழைய பிளக்குக்கு அவ்வளவு வேண்டாம், வாஷர் ஏற்கெனவே நசுங்கித்தான் இருக்கும்.

டாப்பெட் வைத்த பிறகு சத்தமே இல்லை. நல்லதுதானே?

இல்லை. எனக்கு அதிகம் பயம் தருவது இந்த வண்டிகள்தான். அந்தப் பால்காரர் வண்டியிலும் இதைத்தான் கண்டேன். சத்தம் போகவேண்டும் என்று இரண்டு இடத்திலும் இறுக்கி இறுக்கி, எக்ஸாஸ்ட் பக்கம் இடைவெளியே இல்லாமல் ஆக்கிவைத்திருந்தார்கள்.

வால்வை அமுக்கும் ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே அந்த மயிரிழை இடைவெளி எதற்கு? சூட்டில் வால்வுத் தண்டு நீளும். நீள இடமில்லை என்றால் வால்வு முழுவதும் மூடாமல் லேசாகத் திறந்தே நிற்கும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பங்கை, மூடி உட்காரும் நேரத்தில் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. உட்காராத வால்வுக்குச் சூட்டை இறக்கிவைக்க இடம் இல்லை, ஓரம் கருகிப்போகும். அதற்குள் கம்ப்ரஷன் குறையும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், சூடானால் ஐடிலிங் நிற்காது. சத்தம் மட்டும் இனிமையாக இருக்கும்.

லேசான, சீரான 'டிக் டிக்' இருந்தால் இருக்கட்டும். தையல் மெஷின் ஓடுவதுபோல் இருந்தால் அந்த எஞ்சின் சுகமாக இருக்கிறது.

டாப்பெட்டை நானே வைத்துப் பார்க்கலாமா?

பொறுமை இருந்தால் செய்யலாம். இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று சூடு. ஹோண்டா கையேடுகளில் எஞ்சின் 35 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது பார்க்கச் சொல்லியிருக்கும். சித்திரை, வைகாசியில் நம் ஊரில் மதியக் காற்றே அதைத் தாண்டிவிடும். அதனால் இரவு முழுவதும் நிறுத்திவைத்து, வெயில் ஏறுவதற்கு முன் காலை ஆறு மணிக்குச் செய்யுங்கள். அவசரம் என்று சூட்டோடு வைத்துத்தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்றுவிடுங்கள்.

இரண்டாவது, பிஸ்டன் எந்த ஸ்ட்ரோக்கில் மேலே இருக்கிறது என்பது. ஸ்பிளெண்டர் வகை எஞ்சினில் இடது பக்கக் கவரில் இரண்டு மூடிகள் இருக்கும். பெரிய மூடி வழியாகக் கிராங்க்கை இடஞ்சுழியாகத் திருப்பினால், சின்ன ஜன்னலில் 'டி' எழுத்து வந்து கோட்டுக்கு நேராக நிற்கும். ஆனால் இந்த 'டி' ஒவ்வொரு சுற்றுக்கும் வரும். இரண்டில் ஒருமுறைதான் இரண்டு வால்வும் மூடியிருக்கும். மறுமுறை, எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டும் இன்லெட் திறந்துகொண்டும் இருக்கிற நேரம். அங்கே வைத்து இடைவெளி பார்த்தால் எல்லாம் இறுக்கமாகத் தெரியும், தளர்த்திவிடுவீர்கள், ஸ்டார்ட் செய்ததும் ஓட்டைப் பாத்திரத்தில் கல் உருட்டியதுபோல் சத்தம் போடும். நான் ஹெல்பராக இருந்த காலத்தில் இதைச் செய்திருக்கிறேன். முதலாளி திட்டவில்லை. என் இரண்டு விரல்களைப் பிடித்து இரண்டு ராக்கர் மீதும் வைத்து, கிராங்க்கை இன்னொரு முழுச்சுற்று திருப்பினார். இறுகி நின்ற ராக்கர்கள் இரண்டும் விரலுக்குக் கீழே லேசாக ஆட ஆரம்பித்தன. "இது ஆடினாத்தான்டா கேஜை எடுக்கணும்" என்றார். இன்றைக்கும் விரல் வைத்துப் பார்க்காமல் பில்லர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளை) எடுப்பதில்லை.

கேஜின் தகட்டை உள்ளே விட்டு இழுக்கும்போது, கனத்த புத்தகத்துக்குள் இருக்கும் ரூபாய் நோட்டை உருவுகிற மாதிரி ஒரு பிடிப்பு தெரியவேண்டும். தடையே இல்லாமல் வழுக்கினால் அதிகம், தகடு வளைந்தால் குறைவு. அளவு வண்டிக்கு வண்டி வேறு, இன்லெட்டுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும்கூட வேறாக இருக்கலாம். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றிய சின்ன எண்களாக இருக்கும், கையேட்டைப் பாருங்கள். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து திரும்பிவிடும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி ஒருமுறை தகட்டை விட்டுப் பார்ப்பது கட்டாயம். சர்வீஸ் முடிந்த மறுநாளே டாப்பெட் சத்தம் கேட்டால், பெரும்பாலும் விட்டுப்போனது இந்தக் கடைசிச் சோதனைதான்.

என்னிடம் இருப்பது புல்லட். அதற்கும் இதே கணக்கா?

எந்த எஞ்சின் என்பதைப் பொறுத்தது. பழைய வார்ப்பிரும்பு எஞ்சினில் சிலிண்டரின் வலது பக்கம் ஒரு டாப்பெட் கவர் உண்டு. அதில் கேஜ் வேண்டாம். ஆறிய எஞ்சினில், இரண்டு வால்வும் மூடிய நிலையில், புஷ் ராடு (ராக்கரைத் தள்ளும் கம்பி) விரலால் சுற்றினால் சுழலவேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. 2009-ல் வந்த கிளாசிக்கின் யூசிஇ எஞ்சினில் (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருப்பது) ஹைட்ராலிக் டாப்பெட். அதில் வைப்பதற்கு ஒன்றும் இல்லை, ஆயில் அழுத்தமே இடைவெளியைப் பார்த்துக்கொள்ளும். ஆயிலும் ஃபில்டரும் மாற்றியதும் டாப்பெட்டுக்குள் ஆயில் நிறையும்வரை கொஞ்ச நேரம் தட்டும். முறுக்காமல் ஐடிலிங்கில் விடுங்கள், அடங்கும். சில நிமிடத்திலும் அடங்கவில்லை என்றால் அணைத்துவிட்டு ஆயில் அளவையும் ஃபில்டர் ஓ ரிங்கையும் பாருங்கள். இந்த எஞ்சினுக்கு 'டாப்பெட் டைட் செய்தோம்' என்று யாராவது பில் போட்டால் என்ன செய்தார்கள் என்று விசாரியுங்கள்.

2020-ல் மீட்டியாரோடு வந்த ஜே வரிசை 350 எஞ்சினில் கேம் மேலே ஹெட்டுக்குப் போய்விட்டது, டாப்பெட்டும் பழையபடி ஸ்க்ரூவுக்குத் திரும்பிவிட்டது. அதை அளந்துதான் வைக்கவேண்டும்.

இடது பக்கம் 'கர கர' என்று கேட்கிறது. டைமிங் செயினா?

ஸ்பிளெண்டர் வகையில் கேமைச் சுழற்றும் டைமிங் செயின் இடது பக்கம்தான் ஓடுகிறது, அதனால் சந்தேகம் நியாயமானது. ஐடிலிங்கிலும், ஆக்ஸிலேட்டரை விட்டு வேகம் இறங்கும்போதும் சங்கிலியை வாளிக்குள் போட்டு ஆட்டியதுபோல் கேட்கும். வழக்கமான சர்வீஸில் இதைத் தொடமாட்டார்கள். ஹெட்டையோ, அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையோ கழற்றியிருந்தால் மட்டும் அவர்களைக் கேளுங்கள். தொடவே இல்லை என்றால், பல காலமாகத் தளர்ந்துகொண்டிருந்தது இப்போது காதில் விழுகிறது என்று அர்த்தம். ஆயில் குறைந்தாலும் இந்தச் சத்தம் வரும், அதை முதலில் பாருங்கள்.

நின்றால் சத்தமில்லை, ஓடினால்தான் வருகிறது.

அப்படியென்றால் பெரும்பாலும் எஞ்சின் இல்லை. காலியான சாலையில் கொஞ்சம் வேகம் எடுத்து, கிளட்சைப் பிடித்து எஞ்சின் சுற்றை இறக்கிவிடுங்கள். சத்தம் வண்டியின் வேகத்தோடு தொடர்ந்தால் செயின், பிரேக், வீல் பேரிங், ஸ்பீடோமீட்டர் கேபிள் இவற்றில் ஒன்று. சர்வீஸ் முடிந்த வண்டியில் முதல் சந்தேகம் செயின்தான். 'நல்லா டைட் பண்ணியாச்சு' என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். சென்டர் ஸ்டாண்டில் விறைப்பாக இருக்கும் செயின், இரண்டு பேர் உட்கார்ந்து சஸ்பென்ஷன் அமுங்கியதும் கம்பியாக இழுபடும். 'ஊஊ' என்று ஒரு முனகல் வரும், ஸ்பிராக்கெட்டும் கியர்பாக்ஸ் பேரிங்கும் சேர்ந்து தேயும். பின்சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, செயின் அதிகம் விறைக்கும் இடத்தில் வைத்து அளவு பாருங்கள்.

நியூட்ரலில் வரும் சத்தம் கிளட்சைப் பிடித்தால் நின்றுவிடுகிறது.

கிளட்ச் கூடை அல்லது கியர்பாக்ஸ் உள்ளே வரும் ஷாஃப்டின் பேரிங். கிளட்சைப் பிடித்ததும் அந்த ஷாஃப்ட் நின்றுவிடுவதால் சத்தமும் நிற்கிறது. லேசான அளவில் எல்லா வண்டியிலும் உண்டு. சர்வீஸுக்குப் பிறகு திடீரென்று கூடியிருந்தால் கேபிளில் கொஞ்சமாவது விளையாட்டு (தளர்வு) விட்டிருக்கிறார்களா, ஆயில் சரியான ரகமா என்று பாருங்கள்.

சிறுமலை ஏற்றத்தில் 'கிணிகிணி' என்கிறது, சமதரையில் இல்லை.

பெட்ரோல் வெடிக்கவேண்டிய நேரத்துக்கு முன் தாறுமாறாக எரிகிறது. கியரைக் குறைத்தால் நின்றுவிடும். சர்வீஸில் மாற்றிய பிளக்கின் எண் கையேட்டில் உள்ளதுதானா என்று பாருங்கள், வேறு சூட்டு ரகம் போட்டால் இப்படி ஆகும். தொடர்ந்தால் விடக்கூடாது, பிஸ்டன் தலையைத் தின்னும்.

ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்கிறார்களே, அது பலிக்குமா?

பலிக்கும், நான் தினமும் செய்கிறேன். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்தவேண்டும், காதுத் துளைக்குள் விடக்கூடாது. ஹெட் கவர், சிலிண்டர், மேக்னட் கவர், கிளட்ச் கவர் என்று வரிசையாக வைத்துப்பாருங்கள். ஒரே சத்தம் எல்லா இடத்திலும் கேட்கும். எங்கே கூர்மையாக, பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்கிறதோ அதுதான் இடம். துப்பட்டா, துண்டு, தளர்ந்த சட்டைக் கை எதுவும் சக்கரத்துக்கும் செயினுக்கும் அருகே தொங்கக்கூடாது. நல்ல எஞ்சின் எப்படிப் பேசும் என்று தெரிந்தால்தான் கெட்டது புரியும். அதனால் அதே மாடல் வைத்திருக்கும் நண்பர் வண்டியிலும் ஒருமுறை வைத்துக் கேளுங்கள்.

சத்தமே என் பிரமையாக இருக்குமோ?

இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. துருப்பிடித்துக் கத்திக்கொண்டிருந்த செயினுக்கு ஆயில் விட்டதும், அதுவரை அமுங்கியிருந்த டாப்பெட் காதில் விழும். ஏர் ஃபில்டர் புதிதானால் காற்றை இழுக்கும் சத்தம் கூடும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) இன்ஜெக்ஷன் வண்டிகளில், சாவி போட்டதும் 'ஊய்ங்' என்று கேட்பது பெட்ரோல் பம்ப். அணைத்த பிறகு வரும் 'டிக்... டிக்...' சைலன்ஸர் ஆறிச் சுருங்குவது.

இந்தக் குழப்பம் வராமலிருக்க நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது ஒன்று. சர்வீஸுக்கு விடுவதற்கு முன், காலையில் ஆறிய எஞ்சினில் 30 விநாடி, நன்றாகச் சூடான பிறகு 30 விநாடி, போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். போனை ஒரே இடத்தில், உதாரணமாக வலது கால்வைக்கும் கம்பியின் மேல், வைத்துப் பதிவு செய்யுங்கள். போன் தானாகவே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் என்பதால் அளவை நம்பமுடியாது, தாளத்தையும் தன்மையையும் ஒப்பிடலாம்.

சர்வீஸ் செய்த இடத்தில் போய் எப்படிச் சொல்வது? 'அப்படித்தான் இருக்கும்' என்று அனுப்பிவிடுகிறார்கள்.

'சத்தம் வருது' என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது வருகிறது என்று சொல்லுங்கள்: ஆறியிருக்கும்போதா சூட்டிலா, எந்த கியரில், வேகம் ஏற்றும்போதா இறக்கும்போதா, கிளட்ச் பிடித்தால் மாறுகிறதா. மெக்கானிக்கைப் பின்னால் உட்காரவைத்து நீங்கள் ஓட்டுங்கள். உங்களுக்குச் சத்தம் வரும் விதமாக உங்களால்தான் ஓட்டமுடியும், நான் ஓட்டினால் வராது. என் பட்டறையில் சத்தம் என்று வரும் எல்லோருக்கும் பின்னால் உட்கார்ந்து ஒரு ரவுண்டு போகிறேன்.

நம்பிக்கை இல்லையென்றால் வடித்த ஆயிலைக் காட்டச் சொல்லுங்கள். வலையில் மைபோன்ற சாம்பல் பசை இருப்பது ஓடிய வண்டியில் சகஜம். வெயிலில் மினுக்கும் செதில்கள் இருந்தால் எஞ்சினைத் திறந்தாகவேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் கேட்காமல் அனுப்பினால் வேறு இடம் பாருங்கள், ஆனால் யார் எதைத் தொட்டார்கள் என்ற விவரத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.

நான்கு நாளில் சத்தம் தானாகவே போய்விட்டது. விட்டுவிடலாமா?

புகைக்கசிவில் கரி அடைத்துக்கொண்டால் சத்தம் போய்விடும், ஓட்டை அப்படியேதான் இருக்கும். தளர்ந்த நட் ஒன்று கழன்று ரோட்டில் விழுந்துவிட்டாலும் அதன் அதிர்வுச் சத்தம் நின்றுபோகும். அதனால் ஆறிய எஞ்சினில் பென்ட் பைப் நட், எஞ்சின் போல்ட், டிரெய்ன் போல்ட், பிளக் நான்கையும் கை வைத்துப் பாருங்கள். ஆயில் அளவை இன்று பார்த்து, 200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். குறைந்திருந்தால் அன்றைக்கே வண்டியைக் கொண்டுவாருங்கள்.